இரண்டாம் சிலிண்டர் ஏன் பேசவில்லை?

வானொலியில் வேலை செய்பவர்களுக்குப் பேய், பிசாசை விட மௌனம்தான் பெரிய பயம். பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்குவதற்குள் மூன்று விநாடி சத்தமே இல்லாமல் போனால் போதும். நேயர் ரேடியோவைத் தட்டிப் பார்ப்பார். நிலையத்தில் இருக்கும் எங்களுக்கோ உயிர் போய் உயிர் வரும்.

கார் எஞ்சினுக்கும் அப்படி ஒரு மௌனம் உண்டு. ‘மிஸ்ஃபயர்’ என்பது அதன் பெயர். நம்ம ஊர் ஃபோர்மேன்கள் “எஞ்சின் மிஸ் அடிக்குது” என்பார்கள். நான்கு சிலிண்டர்களில் ஒன்று, தன் முறை வரும்போது வெடிக்காமல் சும்மா இருந்துவிடுகிறது. மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. வண்டி குலுங்குகிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது.

“காரைப் பற்றி எனக்கென்ன?” என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். இது காரைப் பற்றியது மட்டுமல்ல. நம் வீட்டுப் பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பதைப் பற்றியதும்தான்.

என் அண்ணனிடம் ஒரு ஃபோர்வீல் வண்டி இருக்கிறது. நான்கு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின், வயது பத்தைத் தாண்டிவிட்டது. பெந்தோங் பக்கம் குடும்பத்துக்கு இருக்கும் சின்னச் செம்பனைத் தோட்டத்துக்கு அதில்தான் போய்வருவார். மாதம் ஒருமுறை நண்பர்களோடு காடு, ஆறு என்று கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது வண்டியின் நிறம் என்ன என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு சேறு.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர் தோட்டத்திலிருந்து கோலாலம்பூர் திரும்பிக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள். புக்கிட் திங்கியைத் தாண்டி கெந்திங் செம்பாவை நோக்கி ஏறும் காராக் நெடுஞ்சாலையில், வண்டி திடீரென்று இழுவை இழந்தது. மிதிக்க மிதிக்கக் குலுங்கியது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தது. பின்னால் ஒரு லாரி, விடாமல் ஹார்ன். எப்படியோ ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, இழுவை லாரிக்காகக் காத்திருந்து வீடு வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் தூங்கிவிட்டிருந்தார்கள். அண்ணிக்குத்தான் அன்று இரவு தூக்கம் இல்லை.

மறுநாள், வீட்டுக்கு அருகில் ஒரு பட்டறை. அங்கிருந்தவர் ஸ்கேனரைச் சொருகினார். இரண்டே நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. நான்கு இக்னிஷன் காயில், நான்கு ஸ்பார்க் பிளக், நான்கு இன்ஜெக்டர், எல்லாம் மாற்ற வேண்டும். கூலியோடு 2,300 வெள்ளி.

“எல்லாத்தையும் மாத்திட்டா பிரச்சினையே இல்ல பாஸ்” என்றாராம்.

நடுரோட்டில் பிள்ளைகளோடு நின்றவன், மறுபடியும் நிற்கக் கூடாது என்றுதான் நினைப்பான். அண்ணனும் தலையை ஆட்டத் தயாராக இருந்தார். அண்ணிதான் “இன்னொருத்தருகிட்ட காட்டுங்க” என்று பிடிவாதம் பிடித்தார். அப்படித்தான் ரவாங் பக்கம் இருக்கும் ஒரு ஃபோர்மேனிடம் போனோம். எனக்கு அன்று விடுப்பு. கூடவே போனேன்.

அவர் முதலில் சொன்ன விஷயமே அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. “கண்டுபிடிக்கிற கூலி 120 வெள்ளி. அதுக்கப்புறம்தான் ரிப்பேர் செலவு என்னன்னு சொல்வேன்.”

“செக் பண்றதுக்கே 120 வெள்ளியா?” என்று அண்ணன் என் காதில் முணுமுணுத்தார். இந்த முணுமுணுப்பை மறந்துவிடாதீர்கள். இந்த வாரக் கட்டுரையே இதைப் பற்றித்தான்.

ஃபோர்மேன் உடனே பானட்டைத் திறக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். எப்போதிலிருந்து? காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? சமதளத்திலா, ஏற்றத்திலா? மழையிலா? கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள்? ஆற்றில் இறக்கினீர்களா? அதன் பிறகு யார் கழுவினார்கள், எப்படிக் கழுவினார்கள்? பேட்டி எடுப்பது என் தொழில். ஒரு கேள்விகூட வீணில்லாமல் இப்படிப் பேட்டி எடுப்பவரை நான் ஸ்டூடியோவிலேயே அதிகம் பார்த்ததில்லை.

பிறகு ஸ்கேனர். திரையில் ‘பி 0302’ என்று வந்தது. இதே எண்ணைத்தான் முதல் பட்டறையும் பார்த்திருக்கிறது. இந்த எண் என்ன சொல்கிறது என்பது காரோட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சின் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். அப்படியானால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 375 முறை. நான்கும் சேர்ந்து விநாடிக்கு 25 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும் எஞ்சினின் சுழல்தண்டைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. அதன் வேகத்தை ஒரு சென்சார் விடாமல் அளந்துகொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் வெடிக்கத் தவறினால், அந்த இடத்தில் தண்டு ஒரு நூலளவு தளரும். இது யாருடைய முறை என்று வண்டியின் கணினிக்குத் தெரியும். உடனே பெயரைக் குறித்துக்கொள்ளும். பி 0301 என்றால் முதல் சிலிண்டர், பி 0302 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். பி 0300 என்றால் ஒன்றல்ல, பல சிலிண்டர்களில் மாறி மாறி நடக்கிறது, அல்லது எது என்று உறுதியாகத் தெரியவில்லை என்று பொருள். எந்த நிறுவனத்து வண்டியானாலும் இந்த எண்களுக்கு இதே பொருள்தான்.

ஆனால் கவனியுங்கள். இந்த எண் ‘எங்கே’ என்று சொல்கிறது. ‘ஏன்’ என்று சொல்லவில்லை. எங்கள் நிலையத்தில் நேயர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது லைன் துண்டிக்கப்பட்டால், பலகையில் இரண்டாவது விளக்கு அணையும். அவ்வளவுதான். அவர் கைப்பேசியில் பேட்டரி தீர்ந்ததா, கோபுரத்தில் கோளாறா, எங்கள் கேபிளா என்று அந்த விளக்கு சொல்லாது. விளக்கு அணைந்ததற்காக நான்கு தொலைபேசியையும் யாரும் மாற்றுவதில்லை.

எண்ணோடு சேர்த்து, கோளாறு நடந்த நொடியின் நிலவரத்தையும் கணினி பதிந்து வைத்திருந்தது. எஞ்சின் சூடாக இருந்திருக்கிறது. சுழற்சி 2,900. பாரம் அதிகம். “கோடை முதல்லயே அழிச்சிருந்தா இந்த சாட்சியும் சேர்ந்து போயிருக்கும், தங்கச்சி” என்றார் ஃபோர்மேன். ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்துக்கொள்ளாமல் எதையும் அழிக்கக் கூடாது.

ஒரு சிலிண்டர் வெடிக்க மூன்று விஷயம் வேண்டும். பொறி, பெட்ரோல், அழுத்தம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மௌனம்தான். அவர் வேலை, மூன்றையும் ஒவ்வொன்றாக விசாரித்து விடுதலை செய்வது.

முதலில் காயில். இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார். மூன்றாவதன் காயிலை இரண்டாவதில் போட்டார். புதிதாக ஒரு காசு செலவில்லை. தத்துவம் எளிது. காயில்தான் குற்றவாளி என்றால், அது போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போகும். அடுத்த முறை பி 0303 என்று வர வேண்டும்.

எண்ணைக் குறித்துக்கொண்டு அழித்துவிட்டு, பட்டறைக்கு அருகே இருந்த ஏற்றத்துக்கு வண்டியை ஓட்டிப் போனோம். நல்ல தார்ச்சாலையைத்தான் தேர்ந்தெடுத்தார். கரடுமுரடான பாதையில் சக்கரங்கள் குதிக்கும்போது எஞ்சின் சுழற்சியும் ஆடும், அதைக் கணினி மிஸ்ஃபயர் என்று தவறாக எண்ணிவிட வாய்ப்பு உண்டு. காட்டுக்குப் போகிற வண்டிக்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கற்பாதையில் ஒருமுறை எரிந்து அணைந்த விளக்கை வைத்துக்கொண்டு உடனே பர்சைத் திறக்காதீர்கள்.

பாதி ஏற்றத்தில் வண்டி குலுங்கியது. பார்த்தால், மறுபடியும் அதே பி 0302. கோளாறு இடம் மாறவில்லை. காயில் விடுதலை! 2,300 வெள்ளிப் பட்டியலில் இருந்த பெரிய செலவுகளில் ஒன்று அங்கேயே அடிபட்டுப் போனது.

எஞ்சினை உடனே நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். மூன்று பிளக் முனைகள் வெளிர் பழுப்பு. ஆரோக்கியமான நிறம். இரண்டாவது மட்டும் கறுத்து, ஈரமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசனை. “பெட்ரோல் வருது, பத்திக்கல” என்றார். அப்படியானால் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளவில்லை. இன்ஜெக்டர் அளவுக்கு மேல் ஒழுகினாலும் பிளக் இப்படி ஈரமாகலாம் என்பதால் அதை அவர் முழுதாக விட்டுவிடவில்லை. சந்தேகப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினார். பிளக்கையும் நான்காவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தார். கோளாறு இரண்டாவதிலேயே நின்றது. பிளக்கும் விடுதலை.

அடுத்தது அழுத்தம். பிளக் துளையில் ஒரு மீட்டரைத் திருகி, எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டார். நான்கிலும் 170 பி.எஸ்.ஐ. அளவுதான். ஒன்றுக்கொன்று வித்தியாசம் மிகச் சிறியது. ஒன்று மட்டும் மிகவும் இறங்கியிருந்தால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்போது பெரிய செலவுதான். அந்தத் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பார்ப்பார்களாம். அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். எங்களுக்கு அந்த வேலை வரவில்லை. அண்ணன் முகத்தில் அன்றைய முதல் சிரிப்பு.

இனி என்ன மிச்சம்? பெட்ரோல் இருக்கிறது. அழுத்தம் இருக்கிறது. பொறி மட்டும்தான் இல்லை. பொறியை உண்டாக்கும் காயில் நன்றாக இருக்கிறது, பிளக் நன்றாக இருக்கிறது. அப்படியானால் காயிலுக்கு மின்சாரமும் கட்டளையும் கொண்டுவரும் வயர்தான்.

எஞ்சினை ஓடவிட்டு, அந்த வயரை மட்டும் இரண்டு விரலால் மெதுவாக அசைத்தார். ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் தடுமாறியது. விட்டார், சீரானது. மறுபடி அசைத்தார், மறுபடி தடுமாறியது. ஸ்டூடியோவில் ஹெட்ஃபோன் வயர் தளர்ந்தால் ஒரு காதில் சத்தம் போய்ப்போய் வருமே, அச்சு அசல் அதேதான்.

கறுப்பு டேப்பைப் பிரித்தபோது கதை முழுதாக வெளியே வந்தது. சாக்கெட்டின் பூட்டு உடைந்து லூசாக இருந்தது. உள்ளே செம்பு முனையில் பச்சை பூத்திருந்தது. கொஞ்சம் தள்ளி, ஓர் இரும்புப் பட்டையில் உரசி உரசி வயரின் தோல் தேய்ந்திருந்தது. ஆற்றில் இறங்கிய மறுநாள், சேறு போகட்டும் என்று எஞ்சின் பகுதியை ஜெட் தண்ணீரில் அண்ணன் அடித்துக் கழுவியிருக்கிறார். அந்த வேகத்தில் தண்ணீர் சாக்கெட்டுக்குள் புகுந்துவிட்டது. ஏற்றத்தில் மட்டும் ஏன் மிஸ் ஆனது என்பதற்கும் பதில் கிடைத்தது. பாரம் இழுக்கும்போது எஞ்சின் தன் இருக்கையில் லேசாகச் சாயும். அந்தச் சாய்வில் வயர் இழுபட்டு, தொடர்பு விட்டுப்போனது. வயர் ஒரேயடியாக அறுந்திருந்தால் காயில் சுற்றைப் பற்றிய வேறொரு எண்ணும் வந்து காட்டிக்கொடுத்திருக்கும் என்றார். விட்டு விட்டு வருகிற கோளாறுதான் எப்போதும் கஷ்டமாம்.

புது சாக்கெட், கொஞ்சம் வயர், உரசாமல் இருக்க ஓர் உறை, கூலி எல்லாம் சேர்த்து 85 வெள்ளி. முன்பு சொன்ன 120-ஐயும் சேர்த்தால் 205. மறுபடியும் அதே ஏற்றம். ஸ்கேனரில் நான்கு சிலிண்டருக்கும் மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யம்.

இப்போது கணக்குப் போடுங்கள். 2,300-க்குப் பதில் 205 என்று சந்தோஷப்படுவது ஒரு பக்கம். அதைவிட முக்கியமான விஷயம் இன்னொன்று. அந்த 2,300 வெள்ளியைக் கொடுத்திருந்தாலும் வண்டி சரியாகியிருக்காது. நான்கு புதுக் காயில், நான்கு புதுப் பிளக், நான்கு புது இன்ஜெக்டர் போட்டு, அதே பழைய வயரை மாட்டி, அதே காராக் ஏற்றத்தில் பிள்ளைகளோடு மறுபடி நின்றிருப்பார்கள்.

முதல் பட்டறைக்காரர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அவரை அந்த வழிக்குத் தள்ளுவதில் நமக்கும் பங்கு உண்டு. நாம் பொருளுக்குப் பணம் கொடுப்போம். பெட்டியில் வரும், கையில் பிடிக்கலாம், பழையதை வாங்கிப் பார்க்கலாம். யோசித்ததற்குப் பணம் கேட்டால் மட்டும் நமக்கு வலிக்கும். மூன்று மணி நேரம் சோதித்து, “ஒரு வயர்தான்” என்று சொல்பவருக்கு 120 கொடுக்க முகம் சுளிக்கிறோம். இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டு பொருளை மாற்றச் சொல்பவருக்கு 2,300 கொடுக்கத் தயாராக இருக்கிறோம். அப்புறம் எந்தப் பட்டறைக்காரர் உட்கார்ந்து யோசிப்பார்?

அடுத்த முறை எஞ்சின் விளக்கு எரியும்போது உங்களுக்கு உதவும் என்று, அன்று நான் குறித்துக்கொண்டு வந்தவற்றைத் தருகிறேன்.

விளக்கு நிலையாக எரிந்தால், தள்ளிப்போடாமல் பட்டறைக்குப் போங்கள். விட்டுவிட்டு மின்னினால் அது எச்சரிக்கை மணி. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதை அளவுக்கு மீறிச் சூடாக்கும். அது போனால் செலவு வயரோடு நிற்காது. காலை எடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். காய்ந்த லாலாங் புல் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கும் சூடு புல்லைப் பற்றவைத்துவிடும்.

காட்டுக்கும் ஆற்றுக்கும் வண்டியை இறக்குபவர்கள், எஞ்சின் பகுதியை ஜெட் தண்ணீரில் அடிக்காதீர்கள். காயில், சாக்கெட் இருக்கும் மேல்பகுதியை ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஆழமான தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால், அது வேறு விஷயம். காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். மறுபடி மறுபடி சாவியைத் திருகினால் எஞ்சினே உடையும். வெளியே இழுத்துப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பட்டறையில் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன எண் வந்தது? இந்தப் பொருள்தான் கெட்டது என்று எப்படித் தெரியும்? மாற்றுவதற்கு முன், பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா? மரியாதையாகக் கேளுங்கள். நல்ல ஃபோர்மேன் கோபப்பட மாட்டார். உற்சாகமாகி, தேவைக்கு மேலேயே விளக்குவார்.

கிளம்பும்போது அந்த ஃபோர்மேனிடம், உதவிக்கு ஆள் இல்லையா என்று கேட்டேன். “வர்றாங்க. பொருள் மாத்தக் கத்துக்கிறாங்க, போயிடுறாங்க. தேடக் கத்துக்க ஆளில்ல” என்றார்.

அது மனதில் நின்றுவிட்டது. “ஒழுங்கா படிக்கலன்னா வொர்க்‌ஷாப்புலதான் வேலை செய்வே” என்று மிரட்டி வளர்க்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! அன்று நான் பார்த்தது ஒரு விசாரணை. ஆதாரத்தை அழிக்காமல் காப்பாற்றி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குற்றம் நிரூபணமாகும்வரை யாரையும் குற்றவாளி ஆக்காத விசாரணை. அதற்குப் படிப்பு வேண்டும், பொறுமை வேண்டும், தலை வேண்டும். உங்கள் வீட்டில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுத் திட்டு வாங்கும் பிள்ளை இருந்தால், எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் பற்றிக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். அதை மிரட்டலாகச் சொல்லாமல், ஒரு நல்ல வழியாகச் சொல்லுங்கள்.

பில் வரும்போது, ‘சோதனைக் கூலி’ என்று ஒரு வரி இருந்தால் பேரம் பேசாமல் கொடுங்கள். பில்லிலேயே மலிவான வரி அதுதான்.

அடுத்த ஞாயிறு சந்திப்போம்.